சாதி பேர் சொல்லாத கொலைக்கதை: ‘பூக்குழி’யைப் பவானியில் படித்தபோது

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைத் துப்பறியும் நாவல்களோடு யாரும் அடுக்கி வைப்பதில்லை. 2013இல் காலச்சுவடு வெளியீடாக வந்த நாளிலிருந்தே அது சாதி மறுப்புக் காதலைச் சொல்லும் நாவலாகத்தான் பேசப்படுகிறது. அப்படிப் பேசுவதில் தப்பில்லை. ஆனால் பவானியில் ஒரு ஜமக்காளக் கடை மாடியில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதைக் கொலை மர்ம நாவலாக எடுத்துப் படித்தோம். அப்படிப் படித்தபோது நாவலுக்குள் தெரிந்தவற்றையும், படித்த எங்களுக்குள் நடந்ததையும், அதற்கு வெளியே கொங்கு நாட்டுக் கோர்ட் வழக்குகளில் நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லத்தான் வேண்டும். அது இல்லாமல் மேற்கொண்டு பேச வழியில்லை.

குமரேசன் காட்டுப்பட்டி என்ற வானம் பார்த்த ஊர்க்காரன். சின்ன வயதிலேயே அப்பனை இழந்தவன். அம்மா மாராயி ஒற்றை ஆளாக நின்று வளர்த்திருக்கிறாள். வெளியூரில் ஒரு பாய் நடத்தும் சோடாக் கடைக்கு வேலைக்குப் போன இடத்தில் சரோஜாவைப் பார்க்கிறான். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு, உச்சி வெயிலில் காட்டுப்பட்டிக்குப் பஸ் ஏறி வந்து இறங்குவதில் நாவல் தொடங்குகிறது. பாறை மேல் ஒரு குடிசை. மாராயி ஒப்பாரி வைக்கிறாள். சனங்கள் வந்து பார்த்துவிட்டு, பெண் என்ன சாதி என்று கேட்கிறார்கள். நம்ம சாதிதான் என்று குமரேசன் சமாளிக்கிறான். ஒருத்தரும் நம்பவில்லை. கோயில் திருவிழா வரும் சமயத்தில் ஊர் கூடி அவர்களை ஒதுக்கி வைக்கிறது. சரோஜா கர்ப்பமாகிறாள். குமரேசன் கடை வேலையாக வெளியே போயிருக்கும் ராத்திரி, மாராயியும் ஊர் ஆட்களும் பேசிக்கொள்வது சரோஜாவின் காதில் விழுகிறது. புதருக்குள் ஒளிகிறாள். தேடுகிறார்கள், புதருக்குத் தீ வைக்கிறார்கள். தீ நெருங்கி வரும்போது குமரேசனின் சைக்கிள் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. நாவல் அங்கே நின்றுவிடுகிறது.

அவள் பிழைத்தாளா என்று சொல்லப்படவில்லை. பிணம் இல்லை, போலீஸ் இல்லை, துப்பறிகிறவர் இல்லை. கொலைகாரர்கள் யார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. கடைசி அத்தியாயத்துக்கு ரொம்ப முன்னாலேயே அத்தனை பேரையும் நமக்குத் தெரியும். குடிசைக்கு வந்து எட்டிப் பார்த்தவர்கள், பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள், சொந்தக்காரர்கள், மாமியார்.

பிறகு இதில் மர்மம் எங்கே இருக்கிறது? எங்கள் வட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி இதுதான்.

கொங்கு வாசகருக்கு மர்மக்கதை புதிதில்லை. கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள் காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்கிய காலத்தில் வளர்ந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். அவற்றில் வரும் விவேக்கும் ரூபலாவும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. அந்த நாவல்கள் எங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கின்றன. சும்மா போகிற போக்கில் ஒரு செருப்பு, ஒரு சிகரெட் துண்டு, ஒரு நேரக் குறிப்பு வந்தால் மனம் உடனே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நல்ல பழக்கம். இலக்கிய வாசகர்கள் பலர் அதைத் தாழ்வாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கவனித்துப் படிக்கக் கற்றுக்கொடுத்த எழுத்துக்கு நன்றி சொல்வதுதான் முறை.

‘பூக்குழி’யைக் கையில் எடுத்ததும் அந்தப் பழக்கம் தானாக வேலை செய்தது. ஆனால் அது தேடிப் போன விஷயம் கொலைகாரன் இல்லை. நாவலில் எந்த இடத்திலும் சாதியின் பெயர் வராது. குமரேசன் என்ன சாதி, சரோஜா என்ன சாதி என்று நேராகச் சொல்லப்படவில்லை. அதனால் எங்கள் முதல் கூட்டம் முழுக்க அந்த இரண்டு பெயர்களைக் கண்டுபிடிப்பதிலேயே போயிற்று. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பவர்லூம் வைத்திருக்கும் ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர், பெருந்துறைப் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் அக்கா, பனியன் கம்பெனி டெய்லர், ஈரோட்டில் பிராக்டிஸ் செய்யும் வக்கீல், கல்லூரியில் படிக்கும் சில பிள்ளைகள் என்று பல இடத்து ஆட்கள் உள்ள வட்டம் இது. பல சாதிக்காரர்களும் உண்டு. அதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் யார் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

குமரேசன் பக்கத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். காட்டு வேலை, பட்டி, பேச்சு, உறவுமுறை கூப்பிடும் விதம் என்று வரிக்கு வரி சாட்சி இருந்தது. இந்த வட்டாரத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பேச்சே கைரேகை. கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையே தொகுத்தவர் பெருமாள்முருகன். அவர் ஒரு சொல்லைப் போட்டால் அது எந்தக் காட்டில், எந்த வளவில் புழங்குவது என்று தெரிந்துதான் போடுவார். சரோஜா பக்கம்தான் நேரம் எடுத்தது. அவள் நிறம், தகப்பனும் அண்ணனும் போகும் வேலை, குடியிருந்த வீடு, டவுன் பழக்கம், அவளுக்கு வெயிலும் காட்டு வேலையும் பழகாதது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். குரல்கள் உயர்ந்தன. டீ ஆறிப்போனது.

அப்போது நர்ஸ் அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஏனுங், அந்த ஊர்ச்சனங்க அந்தப் புள்ளையப் பாத்துக் கேட்டதையேதானுங்க நாமளும் இத்தன நேரமா கேட்டுட்டு இருக்கோம்.”

அதன்பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்த நாவலின் மர்மம் அந்தப் பேச்சில் வெளியே வந்தது என்று நினைக்கிறேன். எழுத்தாளர் ஒரு தகவலை ஒளித்து வைக்கிறார். தேடத் தெரிந்த வாசகர் தேடுகிறார். தேடிக்கொண்டே போய் நிற்கிற இடம் காட்டுப்பட்டிப் பஞ்சாயத்து. மற்ற மர்ம நாவல்களில் வாசகர் துப்பறிகிறவரின் பக்கத்தில் நடப்பார், சட்டத்தின் பக்கம் நிற்பார். இங்கே துப்பறிய ஆரம்பித்த உடனே கொலை செய்யப்போகிற கூட்டத்தில் ஒரு ஆளாகிவிடுகிறார். அவள் யார் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற ஆசைதான் நாவலில் தீ வைக்கிறது. அந்த ஆசை எங்களுக்கும் இருந்தது. இவ்வளவையும் ஆசிரியர் ஒரு வார்த்தை உபதேசம் இல்லாமல், வெறுமனே ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டே செய்திருக்கிறார். சமீபத்தில் நான் படித்த நாவல்களில் இவ்வளவு துணிச்சலான கதை உத்தியைப் பார்க்கவில்லை.

கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவர் இதை ஏற்கவில்லை. பெயர் சொல்லாமல் விட்டது பயத்தினால், பெயரைச் சொன்னால் பிரச்சினை வரும் என்று ஒதுங்கிக்கொண்டார் என்பது அவர் கட்சி. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. ஆனால் பெருமாள்முருகன் இதே 2013இல் ‘சாதியும் நானும்’ என்ற கட்டுரைத் தொகுப்பைக் கொண்டுவந்தவர். பலரும் தங்கள் வாழ்க்கையில் சாதி எப்படிக் குறுக்கே வந்தது என்று வெளிப்படையாக எழுதிய தொகுப்பு அது. அதில் ஒளிவுமறைவு கிடையாது. கட்டுரையில் திறந்து பேசிய மனிதர் நாவலில் மட்டும் வாயை மூடுகிறார் என்றால் அது நாவலுக்குத் தேவைப்பட்ட மௌனம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நாவலை அவர், சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். இளவரசன் 2013 ஜூலை 4ஆம் தேதி ரயில் தண்டவாளத்தின் ஓரம் இறந்து கிடந்தார். யாருடைய பக்கம் நின்று எழுதப்பட்ட நாவல் என்பதில் முதல் பக்கத்திலேயே சந்தேகம் இல்லை.

மாராயியைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். இரண்டு கூட்டம் அவளுக்கே போனது, இன்னும் பேசியிருக்கலாம்.

மர்ம நாவல் கணக்கில் பார்த்தால் சதியின் நடு ஆள் அவள்தான். மகன் எப்போது வெளியூர் போவான், மருமகள் எந்த நேரத்தில் தனியாக இருப்பாள் என்பதெல்லாம் அவள் இல்லாமல் ஊருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் எங்கள் வட்டத்துப் பெண்கள் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நகர மறுத்தார்கள். ஒரு அக்கா சொன்னது முக்கியம். தாலி அறுத்தவள், நிலம் துண்டு துக்காணி, பேருக்குத்தான் பங்காளிகள். அப்படி ஒருத்தி காட்டுக்குள் தனிக் குடிசையில் ஒரு பையனை வளர்க்க வேண்டுமானால் ஊரின் தயவு ஒவ்வொரு நாளும் வேண்டும். ஆடு அடுத்தவன் காட்டில் புகுந்தால் பேசி முடிக்க ஆள் வேண்டும். கிணற்றில் ஒரு குடம் தண்ணி வேண்டும். நோம்பிக்கு மாவிளக்கு எடுத்துக்கொண்டு போக நாலு பேரோடு நிற்கும் இடம் வேண்டும். ஊர் ஒதுக்கி வைத்தால் குமரேசன் கடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். மாராயிக்குப் போக இடம் கிடையாது.

“அதுக்காகக் கொலைக்குப் போவாங்களா அக்கா?” என்று டெய்லர் கேட்டார்.

“போகக் கூடாதுதான் தம்பி. ஆனா அந்த ஊரு அவகிட்ட வேற எதக் கேட்டுது?” என்றார் அவர்.

என் கருத்தில் மாராயியின் ஒப்பாரிதான் நாவலின் முதல் வாக்குமூலம். மருமகள் வாசல் ஏறிய அன்றே, உயிரோடு நிற்கும் மகனைப் பார்த்து அவள் செத்த வீட்டு அழுகையை எடுத்துவிடுகிறாள். கொங்கு நாட்டில் ஒப்பாரி தெரிந்த பெண்களைப் பார்த்தவர்களுக்கு அது சாதாரண திட்டு இல்லை என்று புரியும். ஒப்பாரி ஊரைக் கூட்டும் குரல். வந்து நில்லுங்கள், என் பக்கம் சாட்சி சொல்லுங்கள் என்ற அழைப்பு. ஊர் வந்தது. வந்த ஊர் திரும்பிப் போகவே இல்லை. கடைசி ராத்திரி தேடிக்கொண்டு வந்தவர்கள், முதல் நாள் அவள் அழுகைக்கு வந்தவர்கள்தான். இப்படி ஒரு தடயத்தை முதல் பக்கங்களில் கண் முன்னாலேயே வைத்துவிட்டு, வாசகர் அதைத் துக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளும்படி விட்டிருப்பது நாவலாசிரியரின் கைத்திறன்.

குமரேசனை நாங்கள் குறைவாகவே பேசினோம். நல்லவன், வேலைக்காரன், அம்மா மனம் மாறுவாள் என்று நம்பியவன். அந்த நம்பிக்கைதான் சரோஜாவை அந்தப் பாறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு அதிகம் இல்லை.

இனி நாவலை வெளியுலகம் எடுத்துக்கொண்ட விதம். ‘பூக்குழி’க்குக் கிடைத்த வரவேற்பை அதற்கு மூன்று வருஷம் முன்னால் வந்த ‘மாதொருபாகன்’ விவகாரத்திலிருந்து பிரிக்க முடியாது. 2010இல் வந்த அந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியான பிறகு, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்று கூட்டி வைத்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதன்பின்தான் ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்’ என்ற அறிவிப்பு வந்தது. தன் புத்தகங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் கொண்ட அமர்வு அந்த ஒப்பந்தம் செல்லாது என்றும் எழுத்தாளர் உயிர்த்தெழுந்து வந்து எழுதட்டும் என்றும் தீர்ப்புச் சொல்லும்வரை அவர் புதிதாக எழுதிய எதையும் வெளியிடவில்லை.

இதைப் பற்றி எங்கள் தபால்காரர் அண்ணன் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. குழந்தை இல்லாத தம்பதியின் கதைக்கு ஊரே திரண்டு கடையடைத்தது. கர்ப்பிணிப் பெண்ணைப் புதரோடு கொளுத்தும் கதை அதே ஆசிரியரிடமிருந்து, அதே மண்ணைப் பற்றி, கடைகளில் அப்போது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கோபம் ஏன் முதல் கதைக்கு வந்தது? அவர் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன்: ‘மாதொருபாகன்’ ஊரையும் கோயிலையும் பேர் சொன்னது, தங்கள் மானத்தைப் பற்றிய பேச்சாக அது தெரிந்தது. ‘பூக்குழி’ யார் பேரையும் சொல்லவில்லை. கோபப்பட வேண்டும் என்றால் முதலில் இது எங்களைப் பற்றியது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒத்துக்கொள்ள யார் முன்வருவார்கள்? சாதி பேர் இல்லாதது ஆசிரியருக்குக் காப்பு என்பதைவிட, எதிர்த்தரப்புக்குப் போட்ட பூட்டு என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் தோன்றுகிறது.

பயம் எங்கள் பக்கமும் இருந்தது. இந்த நாவலை வைத்துக் கொஞ்சம் பெரிய கூட்டம் நடத்தலாம் என்று ஒரு பள்ளிக்கூட ஹால் கேட்டோம். எந்தப் புத்தகம் என்று தெரிந்ததும் அந்தத் தேதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு தேதி கேட்டபோதும் அதே பதில். அதனால் ஜமக்காளக் கடை மாடியே நிலைத்தது.

வெளியூர், வெளிநாட்டு வாசிப்பு இன்னொரு தினுசு. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் 13 புத்தகங்களில் ஒன்றாக அது இடம்பெற்றது. தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நாவல். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் கொங்கு நாட்டுச் சோடாக் கடைக்காரனின் கதை அவ்வளவு தூரம் போனதில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். அங்கே படிப்பவருக்குப் பேச்சிலிருந்து சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அவர் சரோஜாவின் கண்ணால் பார்க்கிறார். ஒன்றும் புரியாத ஊர், காரணம் சொல்லாத வெறுப்பு, நெருங்கிவரும் ஆபத்து. ஒரு வகையில் அவர் கொடுத்து வைத்தவர், தொடக்கத்திலிருந்தே பாதிக்கப்பட்டவளின் பக்கம் நிற்கிறார். நாங்கள் அந்தப் பக்கம் வந்து சேர முதல் கூட்டத்துச் சண்டை முழுவதையும் தாண்ட வேண்டியிருந்தது. இரண்டில் எது ஆழமான வாசிப்பு என்றால் நான் எங்களுடையதைத்தான் சொல்வேன். இந்த நாவலின் கத்தி உள்ளூர் வாசகருக்காகவே தீட்டப்பட்டது.

வக்கீல் நண்பர் கலந்துகொண்ட கூட்டத்தில் பேச்சு கோர்ட்டுக்குப் போனது. அது தவிர்க்க முடியாதது. நாவல் வந்து இரண்டு வருஷத்தில், 2015 ஜூன் 23ஆம் தேதி, பொறியியல் படித்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு வேறு சாதித் தோழி ஒருவரோடு போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. தற்கொலை என்று காட்டும் முயற்சி நடந்தது. விசாரித்துக்கொண்டிருந்த டி.எஸ்.பி. விஷ்ணுப்ரியா அதே வருஷம் செப்டம்பரில் இறந்து கிடந்தார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. முக்கிய சாட்சி பிறழ்சாட்சி ஆனார். கோயில் சிசிடிவி பதிவுதான் தாங்கி நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோட்டுக்கே நேரில் வந்து கோயிலையும் தண்டவாளத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். 2023 ஜூனில் முக்கியக் குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். நீதிபதி சம்பவ இடத்துக்கே வந்து படிக்கட்டையும் கேமரா இருந்த இடத்தையும் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம்! அந்தச் செய்தியைப் படித்த அன்று மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டப்பகலில், சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவி கௌசல்யா காயங்களோடு பிழைத்தார். வெட்டியது கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தகப்பன் உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தகப்பனை விடுதலை செய்து, மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது.

வக்கீல் சொன்னது இது: இந்த மாதிரி வழக்கில் வெட்டிய கையைக் காட்டுவது ஒப்பீட்டில் எளிது. சொன்ன வாயைக் காட்டுவதுதான் கஷ்டம். சதி என்பது நாலு சுவருக்குள் நடந்த பேச்சு. அதைக் கேட்டவர்கள் எல்லாம் உறவுக்காரர்கள், ஊர்க்காரர்கள். கூண்டேறி யார் சொல்வார்கள்? ‘பூக்குழி’ இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. அங்கே வெட்டிய கையைப் பார்க்க முடியாது, இருட்டு. ஆனால் சொன்ன வாய் ஒவ்வொன்றையும் நாவல் முழுக்கக் கேட்டுவிடுகிறோம். எந்தக் கோர்ட்டுக்கும் கிடைக்காத சாட்சியம் வாசகர் கையில் இருக்கிறது. கடைசியில் சதியை நேரில் கேட்கும் சாட்சி சரோஜாவே. அந்தச் சாட்சியைத்தான் எரிக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்து அவர் சொன்னதில் நான் அதுவரை யோசிக்காத ஒன்று இருந்தது. சரோஜாவின் வழக்கு கோர்ட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் சாட்ட வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், குற்றம் சாட்டப்பட்டவர் அப்படி இல்லாதவர் என்று நிரூபிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் ஆவணமாக வைக்கப்படும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆவது பிரிவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி முதலிய காரணத்துக்காகக் கொலை செய்தால் தனியாகவே தண்டனை சொல்லப்பட்டிருக்கிறது. அங்கேயும் காரணம் சாதி என்று காட்ட வேண்டும். அப்படியானால் ஊர் கேட்ட அதே கேள்வியை நீதியும் கேட்டாக வேண்டும். ஊர் கொல்வதற்குக் கேட்டது, கோர்ட் தண்டிப்பதற்குக் கேட்கும். குமரேசன் அவளைக் காப்பாற்ற நினைத்து மறைத்த பெயர், அவளுக்கு நியாயம் கிடைக்கும் இடத்தில் வெளியே வந்தே தீர வேண்டும்.

முதல் கூட்டத்தில் எங்களைத் தலைகுனிய வைத்த கேள்விக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பதைப் பார்த்தபோது, சாதியைக் கேட்பதே தப்பு என்று நாங்கள் அவசரமாக எடுத்த முடிவு போதாது என்று புரிந்தது. கல்லூரிப் பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் நாவலும் சொல்லியிருக்க வேண்டும்தானே என்று திரும்பவும் வாதாடினார். நாவல் கோர்ட் இல்லை என்றார் நர்ஸ் அக்கா. இருவருக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

கடைசிக் கூட்டம் முடிவைப் பற்றியது. டெய்லர், சரோஜா பிழைத்தாள் என்று உறுதியாகச் சொன்னார். சைக்கிள் சத்தம் அவளுக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கிறது என்றால், அவள் கத்தினால் அவனுக்கும் கேட்கும். நர்ஸ் அக்கா தலையாட்டவில்லை. காய்ந்த முள்ளுப் புதர் எவ்வளவு வேகமாகப் பிடிக்கும், சுடுவதற்கு முன்னாலேயே புகை மூச்சை எப்படி அடைக்கும் என்று அவர் பார்த்ததைச் சொன்னார். வேறு யாரும் அதைச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்போம். வக்கீல், எப்.ஐ.ஆரில் கொலை என்று எழுதுவதா, கொலை முயற்சி என்று எழுதுவதா என்பது அந்தச் சைக்கிள் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைப் பொறுத்தது என்றார். சதிக்கும் சட்டவிரோதமாகக் கூடியதற்கும் தீ வைத்ததற்கும் அது தேவையில்லை, அந்தக் குற்றங்கள் அவள் பிழைத்தாலும் நிற்கும் என்றும் சொன்னார். எனக்கு இந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. ஆசிரியர் பிணத்தைக் காட்டாமல் விட்டதால் மன்னிப்புக் கிடைத்தவர் காட்டுப்பட்டியில் யாரும் இல்லை. பிழைத்தாளா என்ற ஒரு கேள்வியில் மட்டும் மனம் தங்கிவிட்டால், அதுவரை நடந்த அத்தனையும் கண்ணில் படாமல் போகும். பஞ்சாயத்தில் கை தூக்கியவன், எட்டிப் பார்த்துச் சிரித்தவள், வழி காட்டியவன் ஒருவருடைய கணக்கும் அந்தத் தீயோடு தீரவில்லை.

அடுத்ததாக ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ எடுத்திருக்கிறோம். 1942இல் வந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று சொல்லப்படுவது, கொங்குப் பேச்சை நாவலுக்குள் அப்படியே கொண்டுவந்தது. விதவை நாகம்மாள் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்பதில் தொடங்கி, கொழுந்தன் சின்னப்பன் கெட்டியப்பன் கையால் அடிபட்டுச் சாவதில் முடிகிறது. அங்கே பிணம் விழுகிறது, கொன்றவன் பெயரும் வெளிப்படையாக இருக்கிறது. தூண்டியது யார், சும்மா பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. ‘நாகம்மாள்’ பிரதி கிடைக்காதவர்களுக்குத் தபால்காரர் அண்ணன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.